மெர்தி என்ற சொல்லின் பழைய பொருள்

முத்துமீனா ரஷ்ய மொழி படித்தது ஆசைப்பட்டு அல்ல. நுழைவுத் தேர்வில் அவள் எடுத்த மதிப்பெண்ணுக்குத் தில்லியில் அந்தத் துறையில்தான் இடம் இருந்தது. விடுதி உண்டு, உதவித்தொகை உண்டு. பேரையூருக்குத் தெற்கே ஊரார் பருத்திக் காட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த சோலைக்கும் சோணையம்மாளுக்கும் அதுவே போதுமாக இருந்தது. மகள் வெயிலில் நிற்கவில்லை. மற்றதெல்லாம் அவர்களுக்குப் புரியாத விஷயம்.

எம்.ஏ. முடித்து ஆராய்ச்சியில் சேர்ந்தபோது பேராசிரியர் அவளுக்கு ஒரே ஒரு வினைச்சொல்லைக் கொடுத்தார். 'மெர்தி'. சாவது என்று பொருள்.

ரஷ்யர், போலந்துக்காரர், செக், செர்பியர், பல்கேரியர் எல்லோருடைய முன்னோரும் ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரே மொழி பேசினார்கள். எழுத்து அவர்களிடம் இல்லை. ஆகவே ஒரு கல்வெட்டோ ஒரு தோல்சுருளோ மிஞ்சவில்லை. பிரிந்துபோன பிள்ளைகளின் வாயில் கிடக்கும் சொற்களை வரிசையாக வைத்துப் பார்த்து, தாய் என்ன சொல்லியிருப்பாள் என்று பின்னால் வந்தவர்கள் ஊகித்தார்கள். ரஷ்யனுக்கு உமிரேத், போலந்துக்காரனுக்கு உம்ஜெச், செர்பியனுக்கு உம்ரெதி, பல்கேரியனுக்கு உம்ர. முன்னால் ஒட்டிய உகரத்தைக் கழற்றிவிட்டுப் பின்னோக்கி நடந்தால் மெர்தி வரும். யாரும் கண்ணால் பார்க்காத சொல் என்பதால் அதை அச்சிடும்போது முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள்.

மெர்திக்கும் ஒரு தாய் இருந்தாள். 'மெர்' என்ற வேர். அதன் ஒரு கிளை சமஸ்கிருதத்துக்குப் போய் மரணம் ஆகி, அங்கிருந்து மதுரைச் சுவர்களில் ஒட்டும் 'அகால மரணம்' சுவரொட்டிவரை வந்து சேர்ந்திருந்தது. இன்னொரு கிளை ஆங்கிலத்தில் மர்டர் ஆயிற்று. துருக்கியில் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த களிமண் பலகைகளில் மட்டும், ஹிட்டைட் என்ற அழிந்துபோன மொழியில், அந்த வேருக்குக் காணாமல் போதல் என்று பொருள் இருந்தது. அதுதான் பழைய பொருள், சாவைச் சொல்ல வாய் வராதவர்கள் காணாமல் போனான் என்று சொல்லிச் சொல்லியே அது சாவாகிவிட்டது என்றார்கள் சிலர். வேறு சிலர் மறுத்தார்கள். இந்தச் சண்டையைப் பற்றியதுதான் முத்துமீனாவின் ஆய்வேட்டில் மூன்றாவது இயல்.

"ஒத்த வார்த்தையவா ஆத்தா நாலு வருசமா படிக்கிற?" என்று சோலை போனில் கேட்டுச் சிரிப்பார். "அம்புட்டுப் பெரிய வார்த்தையா?"

அந்த இயல் பாதியில் இருந்தபோது சோலை காட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. தில்லியிலிருந்து ரயில் வந்து சேர்வதற்குள் புதைத்துவிட்டார்கள். சித்திரை வெயிலில் வைத்திருக்க முடியாது என்றார் பெரியப்பா. முத்துமீனா புதுமண்ணைத்தான் பார்த்தாள். அம்மாவைத் தனியே விட்டுப் போக முடியவில்லை. உதவித்தொகைக் காலமும் முடியும் தறுவாயில் இருந்தது. அவள் திரும்பிப் போகவில்லை.

பிறகு பன்னிரண்டு ஆண்டுகள். அனுப்பானடியில் வாடகை வீடு, சிம்மக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஒரு மேசை. ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் டாக்டருக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளின் சான்றிதழ்களை மொழிபெயர்த்துக் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தாள். போர் வந்தது. உக்ரைனில் படித்த பிள்ளைகள் பெட்டியோடு திரும்பி வந்தார்கள். மேசைக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

அந்த நேரத்தில்தான் ஜெயபாண்டி வந்தான். மாட்டுத்தாவணிப் பக்கம் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி வைத்திருந்தவன். ரஷ்யாவில் கிடங்குகளில் சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்குப் பதினோரு பேர் போகிறார்கள், ரெண்டு வாரத்துக்குப் பாஷை சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றான்.

"ரொட்டி, தண்ணி, வலிக்குது, லீவு வேணும். இம்புட்டு வந்தாப் போதும் மேடம்."

அவள் ஒத்துக்கொண்டாள்.

அந்தப் பதினோரு பேரில் ஒருவன் அழகுபாண்டி. அலங்காநல்லூர்ப் பக்கத்துக்காரன், இருபத்து நாலு வயது, ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தவன். மற்றவர்கள் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு ஒப்பித்தபோது இவன் மட்டும் அந்த எழுத்தையே நாலு நாளில் படித்துவிட்டான். ஒன்பதாம் நாள் பாடத்தில் ஒரு வாக்கியம் வந்தது. 'அவன் இறந்தான்' என்பதற்கு, ஓன் உமிர்.

"உமிரா? அக்கா, அப்ப உயிர்தான அது?" என்றான். வகுப்பே சிரித்தது.

"இல்லடா. ரெண்டும் ஒரே மாதிரி கேக்குது, ஆனா சொந்தமில்ல. மரணம்னு சொல்றோம் பாரு, அதுதான் சொந்தம். ஒரே வேர்."

"மரணமா? காதுல கேட்டா ஒட்டவே இல்லயேக்கா."

"ஒட்டாதுதான். ஆனா உண்மை."

"என்னமோ போங்க. பாதி உலகத்தத் தாண்டிப் போயும் சாவுதான் நமக்குத் தெரிஞ்ச வார்த்தையா இருக்கு." அவன் சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதிக்கொண்டான். தன் ஆராய்ச்சியில் ஒரு துண்டை யாரோ இவ்வளவு ஆர்வமாகக் கேட்டதில் அன்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. 

தை மாதம் அவர்கள் போனார்கள். மூன்றாவது வாரத்தில் அழகுபாண்டியிடமிருந்து ஒரு படம் வந்தது. இரண்டு பக்கத் தாள். கீழே ஒரு வரி: 'அக்கா, இதுல கையெழுத்து கேக்குறாங்க, கிடங்கு காண்ட்ராக்ட்தானே?'

சோணையம்மாள் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து ஆபரேஷனுக்குப் படுத்திருந்த வாரம் அது. முத்துமீனாவின் போன் சார்ஜ் இறங்கிப் பையில் கிடந்தது. இரண்டு நாள் கழித்துப் படத்தைத் திறந்தாள். முழுக்கப் படிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது வரியிலேயே 'ராணுவ சேவை' என்று இருந்தது.

உடனே கூப்பிட்டாள். "கையெழுத்துப் போட்டுட்டியா?"

"முந்தா நாளே போட்டுட்டோம்க்கா. ஏங்க்கா?"

அவள் சொன்னாள். அவன் அதைப் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்வது கேட்டது. பிறகு, "அப்பாகிட்ட இப்பச் சொல்லாதீங்கக்கா" என்றான்.

ஜெயபாண்டியைத் தேடி மாட்டுத்தாவணிக்குப் போனாள். ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்து டயர்க் கடைக்காரர், "பத்து நாளாச்சும்மா காலி பண்ணி" என்றார்.

பங்குனிக் கடைசியில் அழகுபாண்டியின் குரல் ஒன்று வாட்ஸப்பில் வந்தது. பின்னால் லாரி உறுமுகிற சத்தம். "அக்கா, ஷ்தூர்ம்னா என்னக்கா? நாளைக்கிப் போற லிஸ்ட்டுன்னு பேரு வாசிச்சாங்க. எம்பேரும் இருக்கு."

நேரடித் தாக்குதல். முன்னால் ஓடுகிறவர்கள்.  பேசிப் பதிவு செய்து அனுப்பினாள். "போகாத அழகு. நான் சிப்பாய் இல்லன்னு சொல்லு. யா நி சல்தாத். பெரிய ஆபீசர் யாரு இருந்தாலும் போய்ச் சொல்லு. யா நி சல்தாத்."

இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. கேட்டுவிட்டான். அதற்குமேல் எதுவும் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அவனுடைய அப்பா மலையாண்டி சிம்மக்கல் மாடிக்கு ஏறி வந்தார். ஆறேக்கர் நெல்லும் கரும்பும் வைத்திருக்கிற மனிதர். வெள்ளை வேட்டி முட்டிவரை புழுதி. நாற்காலியைக் காட்டியும் உட்காராமல், "நீங்க எந்த ஊரு டீச்சர்? யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்டார். ஊரைச் சொன்னாள். தெருவைச் சொன்னாள். அப்பா பேரைச் சொன்னாள். அவர் முகத்தில் ஒரு கணம் எதுவோ வந்து நின்றுவிட்டுப் போயிற்று. அவளுக்குப் பழக்கமானதுதான் அது. அவளுடைய அம்மாவாக இருந்திருந்தால் இந்த இடத்தில் ஐயா என்றிருப்பாள்.

"உக்காருங்கண்ணே" என்றாள் முத்துமீனா.

அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் உடைந்துபோனார்.

மனைவி அன்னக்கொடி கொடுத்துவிட்ட போனை நீட்டினார். மகனுடைய ரஷ்ய நம்பருக்குக் கூப்பிட்டால் ஒரு பெண் பேசுகிறாள், என்ன சொல்கிறாள் என்று கேட்டு வரச் சொல்லியிருந்தாள் அன்னக்கொடி. முத்துமீனா கேட்டாள். பதிவு செய்து வைத்த குரல்தான். வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்ப்பது அவள் தொழில், அப்படியே சொன்னாள்.

"நீங்க கூப்பிட்ட ஆளை இப்போதைக்குத் தொடர்பு கொள்ள முடியாதுன்னு சொல்லுதுண்ணே."

"இப்போதைக்குன்னா சொல்லுது?"

"அது மெசின் சொல்றதுண்ணே. எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லும்."

ஆனால் அவர் அந்த ஒரு சொல்லைத் துண்டில் முடிந்துகொண்டு போவதைப்போல் எடுத்துக்கொண்டு போனார். அன்னக்கொடி அதற்குப் பிறகு தினமும் காலையில் அந்த நம்பருக்குக் கூப்பிட்டு முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

முத்துமீனா போலீசில் புகார் கொடுத்தாள். ஜெயபாண்டியின் பெயர், அறை, வகுப்பு நடந்த தேதிகள், பதினோரு பேருடைய பெயர்கள். இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "நீங்களும் அவன்கிட்ட வேலை பாத்தவங்கதான?" என்றார்.

"ஆமா சார்."

"அதையும் எழுதணும்ல."

"எழுதுங்க சார்."

எழுதினார். அதற்குப் பிறகு ஆறு முறை அவளைக் கூப்பிட்டார்கள். சாட்சியாகவா வேறு மாதிரியா என்பதை யாரும் சொல்லவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் மாடியைக் காலி செய்யச் சொன்னார். போலீஸ் ஏறி இறங்கினால் வியாபாரம் கெடும் என்றார். மேசை அனுப்பானடி வீட்டுக்கு வந்தது. பதினோரு பேரில் நாலு பேர் திரும்பி வந்தார்கள். ஒருவனுக்கு இடது கால் முட்டிக்குக் கீழே இல்லை. அந்தப் பட்டியல் வாசித்த மறுநாளே அழகுபாண்டி போனான் என்பது மட்டும் கால் போனவனுக்குத் தெரிந்திருந்தது. "புகையா இருந்துச்சுக்கா. அவன் எனக்கு முன்னாடி போனான். அப்புறம் பாக்கல."

அடுத்த ஆண்டு ஆவணியில், தூதரகம் வழியாக மலையாண்டிக்கு ஒரு உறை வந்தது. உள்ளே மூன்று பக்கம். அவர் பிரிக்காமலே அனுப்பானடிக்குக் கொண்டுவந்தார்.

ஏதோ ஒரு ரஷ்யச் சிற்றூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு அது. படைப்பிரிவின் தளபதி மனுச் செய்திருந்தார். இன்ன தேதி, இன்ன இடத்தில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு அழகுபாண்டி மலையாண்டி என்பவர் திரும்பவில்லை; உடல் கண்டெடுக்கப்படவில்லை; காணாமல் போனவராகக் கருதப்பட்டார். மூன்றாம் பக்கத்தில் ஒரே வரி. இறந்தவராக அறிவிக்கப்படுகிறார். இறந்தவர் என்பதற்கு அதில் இருந்த ரஷ்யச் சொல்லுக்கு அவள் எந்த அகராதியையும் பார்க்க வேண்டியதில்லை. உமிரேத் என்ற வினையிலிருந்து பிறந்த பெயரெச்சம். அதன் ஒவ்வொரு எழுத்தும் எப்போது எப்படி மாறியது என்று நாலு வருஷம் எழுதியிருக்கிறாள்.

சொன்னாள். மலையாண்டி சுவரைப் பார்த்தபடி இருந்தார். சோணையம்மாள் உள்ளேயிருந்து தடியை ஊன்றி வந்து, அவர் முன்னால் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். அவர் எடுத்துக் குடித்தார்.

"டீச்சர், அவகிட்டக் காணாம்னே சொல்லிருவோம். இது வேணாம்."

"நீங்களே சொல்லுங்கண்ணே."

"நான் சொன்னா நம்ப மாட்டா. உங்க வாயால கேக்கணும்னு இருக்கா. வாங்க."

பஸ்ஸில் போனார்கள். வழியெல்லாம் அவள் மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். இரண்டாம் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டால் பொய்கூட இல்லை. காணாமல் போனவர் என்று அங்கே எழுதித்தான் இருக்கிறது.

அன்னக்கொடி வாசலிலேயே நின்றாள். ஐம்பது வயதுக்கு மெலிந்த உடம்பு. எண்ணெய் காணாத தலை. முத்துமீனா செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கியபோது கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார வைத்தாள். "வாசி தாயி. ஒரு எழுத்து விடாம வாசி."

முத்துமீனா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். நீதிமன்றத்தின் பெயர், நீதிபதியின் பெயர், தாக்குதல் நடந்த தேதி. இரண்டாம் பக்கத்தின் முடிவுக்கு வந்து, காணாமல் போனவராகக் கருதப்பட்டார் என்று சொல்லி நிறுத்தினாள். மலையாண்டி மூச்சை விடுவது கேட்டது.

"இன்னொரு தாள் இருக்கே" என்றாள் அன்னக்கொடி.

முத்துமீனா அதைப் புரட்டினாள். ஏன் புரட்டினாள் என்று பிறகு எத்தனையோ முறை யோசித்தாள். தன்னுடைய அப்பாவின் புதுமண் காரணமா, இரண்டு நாள் பையில் கிடந்த போன் காரணமா, தெரியவில்லை. வாய் வாசித்துவிட்டது. "இறந்தவராக அறிவிக்கப்படுகிறார்."

அன்னக்கொடி கத்தவில்லை. "யாரு பாத்தா?" என்றாள்.

"யாரும் பாக்கலக்கா."

"ஒடம்பு இருக்கா?"

"இல்ல."

"பாக்காமயே எப்படித்தா எழுதுனாங்க?"

இந்தக் கேள்வியைத் தில்லியில் அவளிடம் கேட்டிருக்கிறார்கள். யாருமே பார்க்காத சொல் இருந்தது என்று எப்படி எழுதுகிறீர்கள் என்று. எஞ்சியிருக்கிறவற்றை வைத்து, விதிகளை வைத்து, வேறு வழியில்லாமல் அந்த முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது என்று கால் மணி நேரம் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறாள். அந்தப் பதில் இப்போதும் நாக்கின் நுனியில் இருந்தது. அது அங்கே இருந்ததே அவளுக்கு அவமானமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்னக்கொடி மூன்று தாள்களையும் வாங்கி மடித்தாள். மூன்றாவதை மட்டும் தனியே எடுத்து முத்துமீனாவின் மடியில் வைத்தாள்.

"இத நீயே கொண்டு போயிரு தாயி. அந்த ரெண்டும் போதும். எம்மகன் காணாமத்தான் போயிருக்கான்."

களிமண் பலகையில் இருந்த அந்தப் பழைய பொருள் முத்துமீனாவுக்கு நினைவு வந்தது. பாதியில் நின்ற அந்த மூன்றாவது இயலும் நினைவு வந்தது. அவள் அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

அந்த வீட்டில் துக்கம் நடக்கவில்லை. படத்துக்கு மாலை போடவில்லை. சொந்தக்காரர்கள் வாசல்வரை வந்துவிட்டு என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்பிப் போனார்கள். எதிர்வீட்டில் ஒருத்தி, சடங்கு செய்யாமல் விட்டால் ஆவி அலையும் என்று சொல்லிவிட, அன்னக்கொடி விளக்குமாற்றோடு அவள் வாசலுக்கே போய்விட்டாள்.

தை அமாவாசைக்கு முதல் நாள் மலையாண்டி போன் செய்தார். "நாளைக்கி திருவேடகம் போறேன் டீச்சர், அவனுக்குத் திதி குடுக்க. அவளுக்குத் தெரியாது. அந்தத் தாள் உங்ககிட்டத்தான இருக்கு. தேதி கேப்பாங்க. நீங்க வந்தா நல்லாருக்கும்."

காலை ஏழு மணிக்கு வைகைக் கரையில் பெருங்கூட்டம். ஆற்றில் நடுவே மட்டும் கொஞ்சம் தண்ணீர். மலையாண்டி மொட்டையடித்து, முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து முங்கிவிட்டு வந்தார். மகன் அப்பனுக்குச் செய்ய வேண்டியதை அப்பன் மகனுக்குச் செய்கிறான் என்பதை ஐயர் கேட்டுத் தெரிந்துகொண்டு, குரலைத் தணித்துக்கொண்டார்.

"இறந்த தேதி?"

மலையாண்டி திரும்பி அவளைப் பார்த்தார். முத்துமீனா தாளைப் பிரித்தாள். தீர்ப்பு நடைமுறைக்கு வந்த நாள் ஒன்று இருந்தது. ஆடி மாதத்தில் ஏதோ ஒரு திங்கட்கிழமை. அன்றைக்கு அந்த ஊரில் யாரும் சாகவில்லை. ஒரு குமாஸ்தா முத்திரை குத்தினான், அவ்வளவுதான். தாக்குதல் நடந்த தேதி அவளுக்கு நினைவிருந்தது, ஆனால் அவன் அன்றுதான் செத்தான் என்று எந்தத் தாளும் சொல்லவில்லை.

"தேதி தெரியாதுங்க" என்றாள்.

"பரவால்லம்மா. தெரியாதவங்களுக்குத்தான் அமாவாசை" என்று ஐயர் எள்ளை எடுத்தார்.

முடிந்து கரையேறியதும் மலையாண்டி ஈர வேட்டியோடு ஒரு கல்லில் உட்கார்ந்தார். மொட்டைத் தலையை வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். துண்டை எடுத்துக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

"பாத்தாத் தெரிஞ்சிருமே டீச்சர்."

"தெரிஞ்சிரும்ணே."

"அழகர்கோவிலுக்கு வேண்டுதல்னு சொல்லிப் பாக்கவா?"

  கரையில் இட்லிக் கடைக்காரன் கூவிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவர் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டார்.

"அவனுக்கு அந்தப் பாஷை நல்லா வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே. கிளாஸ்ல அவன்தான் மொத ஆளு."

"அப்ப அங்க என்ன பேசுனாங்கன்னு எல்லாம் புரிஞ்சிருக்கும்ல."

"புரிஞ்சிருக்கும்."

அவர் தலையாட்டினார். சோழவந்தான் பஸ் வருகிறது என்று யாரோ சொன்னார்கள். இருவரும் எழுந்து ரோட்டுக்கு நடந்தார்கள்.